அப்கிரேடு செய்தால் செட்டிங் போய்விடுகிறதே! – லினக்ஸ் கேள்வி பதில்

இந்த மாதம் வந்த கடிதங்கள் ஆளுக்கொரு ஊரிலிருந்து வந்திருந்தாலும் சுற்றிச் சுற்றி ஒரே விஷயத்தில்தான் வந்து நிற்கின்றன. லினக்ஸில் பேக்கேஜ் கட்டுகிறோம், அதற்குள் ஒரு கான்ஃபிக் ஃபைல் (செட்டிங்குகளை எழுதி வைக்கிற ஃபைல்) இருக்கிறது, பயன்படுத்துகிறவர் அதைத் தன் தேவைக்குத் திருத்தி வைத்திருக்கிறார், அடுத்த வெர்ஷன் போகும்போது அந்தத் திருத்தம் என்ன ஆகிறது? மற்றக் கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டு இதை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: வணக்கமுங்க ஐயா. திருப்பூர் பக்கம் சாயப்பட்டறைகளுக்கு லாட் கணக்கு, ஷேட் ரெசிபி, தராசு எடை எல்லாம் பார்க்கிற சாஃப்ட்வேர் ஒன்றை நாங்கள் நண்பர்கள் சேர்ந்து எழுதித் தருகிறோம். எல்லாப் பட்டறையிலும் உபுண்டு. ஒரு ஃபோல்டரில் ஃபைல்களை அடுக்கி, டிபிகேஜி-டெப் ஓட்டி டெப் ஃபைலாக்கிக் கொடுப்போம். போன வெர்ஷன் போட்டதும் அவரவர் மாற்றி வைத்திருந்த செட்டிங் எல்லாம் போய் எங்கள் டீஃபால்ட் வந்து உட்கார்ந்துவிட்டது. பாதிப் பேருக்குத் தராசு எடையே வரவில்லை. டெபியன் பேக்கேஜ் என்றால் கேட்டுவிட்டுத்தானே மாற்றும் என்று நம்பியிருந்தோம், ஏனுங்க இப்படி ஆச்சு?
– வாசகர், திருப்பூர்

பதில்: கேட்டுவிட்டுத்தான் மாற்றும். ஆனால் எந்த ஃபைலைப் பற்றிக் கேட்க வேண்டும் என்பதை பேக்கேஜ் கட்டுகிறவர் சொல்லி வைத்திருக்க வேண்டும், உங்கள் பேக்கேஜில் அது சொல்லப்படவில்லை. மெஷினின் செட்டிங் ஃபைல்கள் இருக்கிற எட்சி டைரக்டரிக்குள் வைத்தாலே பாதுகாப்பு தானாக வந்துவிடும் என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். அப்படி நினைக்கக் காரணமும் இருக்கிறது. உபுண்டுவுக்கு அடிப்படையான டெபியனின் முறைப்படி டெப்ஹெல்பர் என்ற கருவி வைத்துக் கட்டினால், எட்சிக்குள் போகிற எல்லா ஃபைலையும் அதுவே கான்ஃப்ஃபைல் (பயனாளர் திருத்தத்தைக் காக்க வேண்டிய ஃபைல்) என்று குறித்துவிடும், அந்தக் கருவியின் காம்பேட் லெவல் 3 முதல் இதுதான் வழக்கம். நீங்கள் அந்த வழியில் போகாமல் ஃபோல்டரை அடுக்கி நேரடியாக டிபிகேஜி-டெப்பிடம் கொடுக்கிறீர்கள், அது கொடுத்ததை அப்படியே மூட்டை கட்டும், அவ்வளவுதான். குறியில்லாத ஃபைல் எட்சியில் இருந்தாலும் புரோகிராம் ஃபைல்கள் போகிற யூஎஸ்ஆரில் இருந்தாலும், பேக்கேஜை நிறுவுகிற டிபிகேஜிக்கு ஒன்றுதான்: பழையதை எடுத்துவிட்டுப் புதியதை வைக்கும், ஒரு வார்த்தை கேட்காது, காப்பியும் எடுத்து வைக்காது.

செய்ய வேண்டியது மிகச் சின்ன வேலை. கன்ட்ரோல் ஃபைல் இருக்கிற அதே டெபியன் ஃபோல்டருக்குள் 'கான்ஃப்ஃபைல்ஸ்' என்ற பெயரில் ஒரு சாதாரண டெக்ஸ்ட் ஃபைல் உண்டாக்குங்கள். அதில் வரிக்கு ஒன்றாக, கஸ்டமர் மெஷினில் இருக்கப்போகிற முழுப் பாதையை ரூட்டிலிருந்து எழுதுங்கள். உதாரணத்துக்கு:

/எட்சி/சாயலாட்/தராசு.கான்ஃப்
/எட்சி/சாயலாட்/பட்டறை.கான்ஃப்

(உங்கள் பேக்கேஜ் பெயர் எனக்குத் தெரியாததால் நானே ஒன்று வைத்துக்கொண்டேன், அச்சுக்காகத் தமிழில் இருக்கிறது.) கடைசி வரிக்கும் என்டர் தட்ட மறக்காதீர்கள். டைரக்டரி பெயரை மட்டும் எழுதினால் ஆகாது, ஒவ்வொரு ஃபைலாகத்தான் எழுத வேண்டும். பட்டியலில் இருக்கிற ஃபைல் பேக்கேஜுக்குள் இல்லையென்றால் கட்டும்போதே எரர் சொல்லி நின்றுவிடும், அது நல்லதுதான், எழுத்துப்பிழை அங்கேயே மாட்டிக்கொள்ளும். கட்டி நிறுவிய பிறகு டிபிகேஜி-குவெரி கட்டளையில் 'கான்ஃப்ஃபைல்ஸ்' என்ற ஃபீல்டைக் கேட்டுப் பாருங்கள், ஒவ்வொரு ஃபைலின் பெயரும் பக்கத்தில் 32 எழுத்து எம்டி5 கையொப்பமும் (ஃபைலின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடுகிற அடையாளம்) வந்தால் குறி சரியாக விழுந்திருக்கிறது.

அந்தக் கையொப்பத்தில்தான் விஷயமே இருக்கிறது. டிபிகேஜி நாள் நேரத்தையோ ஃபைல் அளவையோ பார்ப்பதில்லை, மூன்று கையொப்பங்களை ஒப்பிடுகிறது: போன வெர்ஷனில் நீங்கள் கொடுத்தது, இப்போது டிஸ்கில் இருப்பது, புதிய வெர்ஷனில் நீங்கள் கொடுப்பது. உங்கள் தராசையே எடுத்துக்கொள்வோம். நீங்கள் கொடுத்த ஃபைலில் பாட் ரேட் (தராசோடு பேசுகிற வேகம்) 9600, ஒரு பட்டறைக்காரரிடம் பழைய தராசு, அவர் 2400 ஆக்கி வைத்திருக்கிறார். புதிய வெர்ஷனில் நீங்கள் அந்த ஃபைலைத் தொடவே இல்லை என்றால், அவர் திருத்தியிருக்கிறார் ஆனால் நீங்கள் மாற்றவில்லை, எனவே அவருடைய 2400 சத்தமில்லாமல் அப்படியே நிற்கும். பக்கத்துப் பட்டறைக்காரர் எதையும் தொடாதவர், நீங்கள் டீஃபால்ட்டை மாற்றியிருக்கிறீர்கள், அவருக்குப் புதிய ஃபைல் சத்தமில்லாமல் போய் உட்காரும். இருவருமே தொடவில்லையென்றால் பேச்சே இல்லை. இருவரும் மாற்றியிருந்தால் மட்டும்தான் டிபிகேஜி நின்று கேட்கும்.

அந்தக் கேள்வியை உங்கள் கஸ்டமர் கட்டாயம் ஒருநாள் பார்ப்பார், ஆகவே என்ன வரும் என்று முன்கூட்டியே சொல்லி வையுங்கள். கான்ஃபிக் ஃபைலின் பெயர் வரும், அதை நீங்களோ ஒரு ஸ்கிரிப்டோ திருத்தியிருக்கிறது என்று ஒரு வரி, பேக்கேஜ் கொடுத்தவர் புதியதொன்று அனுப்பியிருக்கிறார் என்று ஒரு வரி. 'ஒய்' அல்லது 'ஐ' தட்டினால் புதியது, 'என்' அல்லது 'ஓ' தட்டினால் உங்களுடையதே இருக்கும், 'டி' தட்டினால் இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைக் காட்டும், 'இசட்' தட்டினால் பாதியில் ஒரு ஷெல் திறந்து தரும், நீங்களே போய்ப் பார்த்துவிட்டு வரலாம். வெறும் என்டர் தட்டினால் 'என்', அதாவது இருக்கிறதே இருக்கட்டும். என்ன தட்டினாலும் எதுவும் தொலையாது. பழையதை வைத்துக்கொண்டால் புதியது பக்கத்திலேயே '.டிபிகேஜி-டிஸ்ட்' என்ற வாலோடு இருக்கும், புதியதை ஏற்றால் பழையது '.டிபிகேஜி-ஓல்டு' என்று இருக்கும்.

இப்போது உங்களுக்கு ஒரு சிக்கல் உண்டு. குறி போட்டு அடுத்த வெர்ஷன் அனுப்புகிற அன்று, முந்தைய வெர்ஷனில் குறி இல்லாததால் ஒப்பிடுவதற்குப் பழைய கையொப்பம் டிபிகேஜியிடம் இருக்காது. டிஸ்கில் இருப்பதும் நீங்கள் அனுப்புவதும் ஒன்றாகவே இருந்தால் கேட்காது, ஒரு எழுத்து வித்தியாசம் இருந்தாலும் எல்லோரிடமும் கேட்கும். அந்த ஒரு தடவை போனில் பக்கத்தில் இருங்கள், 'என்' தட்டச் சொல்லுங்கள். ஏற்கெனவே அழிந்துபோன செட்டிங்கை டிபிகேஜியிடமிருந்து மீட்க வழி கிடையாது, பட்டறைகளில் யாராவது பேக்கப் எடுத்திருந்தால்தான் உண்டு. இனிமேலுக்கு ஒவ்வொரு மெஷினிலும் எட்சிகீப்பர் போட்டுவிடுங்கள் என்பேன். எட்சி முழுவதையும், மாற்றங்களின் வரலாற்றைச் சேமிக்கிற கிட்டில் வைத்து, பேக்கேஜ்களை இறக்கிப் போடுகிற ஆப்ட் ஓடுவதற்கு முன்னும் பின்னும் தானே கமிட் செய்துகொள்ளும்.

இன்னொன்றையும் அழுத்திச் சொல்ல வேண்டும், ஏனென்றால் குறி போட்டவர்களே அடுத்து விழுகிற குழி இது. பட்டறை பெயரையோ ஐபியையோ கேட்டு, நிறுவி முடிகிறபோது ஓடுகிற போஸ்ட்இன்ஸ்ட் ஸ்கிரிப்டில், ஃபைலின் வரிகளைத் திருத்துகிற செட் (sed) கட்டளை ஓட்டி அதே கான்ஃப்ஃபைலுக்குள் எழுதிவிடுவார்கள். எழுதிய நொடியிலேயே கையொப்பம் மாறிவிடும், டிபிகேஜி அதைப் பயனாளர் செய்த திருத்தம் என்றே எடுத்துக்கொள்ளும். அப்புறம் நீங்கள் டீஃபால்ட்டை மாற்றும்போதெல்லாம், வாழ்நாளில் அந்த ஃபைலைத் திறந்தே பார்க்காத மனிதரிடம் 'நீங்கள் திருத்தியிருக்கிறீர்கள், என்ன செய்ய?' என்று கேட்டு நிற்கும். டெபியன் கொள்கைக் கையேட்டின் 10.7ஆம் பகுதி இதைத் தடுத்தே வைத்திருக்கிறது: கான்ஃப்ஃபைல் என்று குறித்ததை பேக்கேஜின் ஸ்கிரிப்டுகள் தொடக்கூடாது. ஸ்கிரிப்ட் எழுதித்தான் ஆக வேண்டும் என்றால் அந்த ஃபைலை பேக்கேஜுக்குள் வைக்காதீர்கள், மாதிரியை யூஎஸ்ஆர்/ஷேருக்குள் வைத்துவிட்டு யூசிஎஃப் என்ற கருவி மூலம் எட்சிக்குக் கொண்டுபோங்கள், அதுவும் இதே மாதிரி கையொப்பம் பார்த்துக் கேட்டுத்தான் மாற்றும். வாடகைக்கு விட்ட வீட்டுக்குள் சொல்லாமல் நுழைந்து சாமானை இடம் மாற்றி வைக்க வீட்டுக்காரருக்கு உரிமை கிடையாது, எட்சியும் அப்படித்தான். அது மெஷின்காரருடைய இடம்.

கேள்வி: பெருந்துறை சிப்காட்டில் ஒரு யூனிட்டில் வேலை. எங்கள் சர்வர்களில் ராக்கி லினக்ஸ். நாங்களே ஆர்பிஎம் பேக்கேஜ் கட்டுகிறோம், எப்படிக் கட்ட வேண்டும் என்று எழுதுகிற ஸ்பெக் ஃபைலில் கான்ஃபிக் என்று குறித்தும் இருக்கிறோம். ஆனாலும் போன தடவை அப்கிரேடு ஆனதும் எங்கள் திருத்தம் '.ஆர்பிஎம்சேவ்' என்று ஓரமாகப் போய்விட்டது, சர்வீஸ் டீஃபால்ட்டில் எழுந்துவிட்டது. அதற்கு முன் பல வெர்ஷன் பிரச்சினை இல்லாமல் போனதே?
– வாசகி, பெருந்துறை

பதில்: நீங்கள் பாதி தூரம் சரியாகவே வந்திருக்கிறீர்கள். ஆர்பிஎம்மில் குறி இரண்டு வகை. வெறும் 'கான்ஃபிக்' என்று குறித்தால், திருத்தம் இருக்கும்போது புதிய ஃபைல் நாற்காலியைப் பிடிக்கும், உங்களுடையது '.ஆர்பிஎம்சேவ்' ஆகும். 'கான்ஃபிக்' பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் 'நோரீப்ளேஸ்' என்று சேர்த்தால் நேர்மாறு: உங்களுடையது அசையாது, புதியது '.ஆர்பிஎம்நியூ' என்று பக்கத்தில் வந்து காத்திருக்கும். ஃபெடோராவின் பேக்கேஜிங் விதிகளும் வேறு காரணம் இல்லாதவரை நோரீப்ளேஸைத்தான் போடச் சொல்கின்றன. டெபியன் மாதிரி ஆர்பிஎம் நடுவில் நின்று கேள்வி கேட்காது, ஆள் இல்லாத இடத்திலும் ஓடி முடிய வேண்டும் என்பது அதன் போக்கு. ஆகவே என்ன நடக்க வேண்டும் என்று ஸ்பெக் எழுதுகிற நீங்கள்தான் முன்கூட்டியே முடிவு செய்தாக வேண்டும்.

பல வெர்ஷன் ஒன்றும் ஆகாமல் போனதற்குக் காரணம், அத்தனை வெர்ஷனிலும் நீங்கள் கொடுத்த டீஃபால்ட் ஃபைல் மாறவில்லை. கொடுத்தது மாறாதவரை எந்தக் குறியாக இருந்தாலும் ஆர்பிஎம் திருத்திய ஃபைலைத் தொடாது. டீஃபால்ட்டில் நீங்கள் ஒரு வரி, ஏன் ஒரு கமென்ட் வரி மாற்றினாலும் அன்றைக்குத்தான் குறியின் குணம் வெளியே வரும். இதனால்தான் டெஸ்ட் செய்து பார்த்தோம் ஒன்றும் ஆகவில்லையே என்று பலரும் ஏமாறுகிறார்கள், அவர்கள் டெஸ்ட் செய்தது டீஃபால்ட் மாறாத அப்கிரேடை.

வெறும் 'கான்ஃபிக்'குக்கும் ஒரு நியாயமான இடம் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். ஃபைலின் அமைப்பே மாறிவிட்டது, பழைய ஃபைலோடு புதிய புரோகிராம் எழுந்திருக்கவே முடியாது என்றால் அப்போது அதைப் போடலாம், ஆனால் ரிலீஸ் குறிப்பில் பெரிய எழுத்தில் எழுதி வையுங்கள். உங்கள் சர்வரில் இப்போது ஓரமாகக் கிடப்பவை எவை என்று பார்க்க, எட்சிக்குள் '.ஆர்பிஎம்சேவ்', '.ஆர்பிஎம்நியூ' என்று முடிகிற ஃபைல்களை ஃபைண்ட் போட்டுத் தேடுங்கள். ஆர்பிஎம்கான்ஃப் என்ற கருவி போட்டால் ஒவ்வொன்றாகக் காட்டி எதை வைக்க என்று கேட்கும். பேக்கேஜில் எவையெல்லாம் கான்ஃபிக் என்று பதிவாகியிருக்கின்றன என்பதை ஆர்பிஎம்மின் 'கியூசி' சொல்லும், 'வி' போட்டுச் சரிபார்த்தால் மாறிய ஃபைலுக்கு நேராக 5 என்ற எண்ணும், அது கான்ஃபிக் என்றால் 'சி' என்ற எழுத்தும் வரும். அந்த 5 தான் உள்ளடக்கம் மாறியிருக்கிறது என்பதற்கு அடையாளம்.

ஆர்ச் லினக்ஸில் கட்டுகிற வாசகர் ஒருவரும் இதையே கேட்டிருக்கிறார். அங்கே பேக்கேஜ் கட்டும் குறிப்பான பிகேஜிபில்டுக்குள் 'பேக்அப்' என்ற பட்டியலில் பாதையை எழுத வேண்டும், முதலில் வருகிற சாய்கோடு மட்டும் இல்லாமல். புதியது '.பாக்நியூ' என்று வரும், பாக்டிஃப் என்ற கருவி வைத்துச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: நாமக்கல்லில் லாரி புக்கிங் ஆபீஸ்களுக்கு சர்வர் பார்த்துக்கொள்கிறேன். ராத்திரியில் ஆப்ட் அப்கிரேடு தானாக ஓடும்படி ஸ்கிரிப்ட் வைத்திருக்கிறேன். கேள்வி கேட்கக்கூடாது என்று ஃப்ரன்ட்எண்டை நான்இன்டராக்டிவ் என்றும் வைத்தேன். அப்படியும் ஒருநாள் காலையில் பார்த்தால் பாதியில் நின்று, கான்ஃப்ஃபைல் கேள்வியில் இன்புட் முடிந்துவிட்டது என்று எரர். ஏன் கேட்கவில்லை?
– வாசகர், நாமக்கல்

பதில்: அந்த நான்இன்டராக்டிவ், பேக்கேஜ்கள் தங்கள் நிறுவல் கேள்விகளைக் கேட்கப் பயன்படுத்துகிற டெப்கான்ஃப் என்ற கருவியின் கேள்விகளுக்கு மட்டும்தான். கான்ஃப்ஃபைல் கேள்வியை டிபிகேஜி நேரடியாகக் கேட்கிறது, அது டெப்கான்ஃபுக்குக் கட்டுப்பட்டதில்லை. டிபிகேஜிக்கு 'ஃபோர்ஸ்-கான்ஃப்டெஃப்', 'ஃபோர்ஸ்-கான்ஃப்ஓல்டு' என்ற இரண்டையும் ஆப்ட் வழியாக டிபிகேஜி ஆப்ஷனாக அனுப்புங்கள். இரண்டும் சேர்ந்தால், தானாக முடிவெடுக்க முடிகிற இடத்தில் தானே எடுக்கும், முடியாத இடத்தில் உங்கள் பழைய ஃபைலை வைத்துக்கொள்ளும். 'கான்ஃப்நியூ' மட்டும் போட்டுவிடாதீர்கள், ஆள் இல்லாத ராத்திரியில் ஆபீஸ்காரர் திருத்தியதெல்லாம் '.டிபிகேஜி-ஓல்டு' ஆகிவிடும், காலையில் முதல் லோடு புக்கிங்குக்கு வருகிறவர் முன்னால் நீங்கள் நிற்க வேண்டியிருக்கும்.

இப்போது பாதியில் நிற்பதை 'டிபிகேஜி --கான்ஃபிகர் -ஏ' ஓட்டி, திரைக்கு முன்னால் உட்கார்ந்து கேள்விக்குப் பதில் சொல்லி முடியுங்கள். சொந்த ஸ்கிரிப்டை விட அன்அட்டெண்டட்-அப்கிரேட்ஸ் பேக்கேஜே மேல். இந்தக் கேள்வி வரும் என்று தெரிகிற பேக்கேஜை அது போடாமல் நிறுத்தி வைக்கும்.

கேள்வி: கோவையில் ஒரு கல்லூரி லேப் அட்மின். ஒரு மெஷினில் எல்லாவற்றையும் நிறுவி, கான்ஃபிக்கை எல்லாம் திருத்திச் சரிசெய்து வைத்திருக்கிறேன். அதையே பைனரி பேக்கேஜாக்கி மற்ற மெஷின்களில் போட வேண்டும், என் திருத்தங்களும் கூடவே போக வேண்டும். ஜென்டூவில் குவிக்பிகேஜி ஓட்டினால் பேக்கேஜ் வருகிறது, ஆனால் எட்சி ஃபைல்கள் உள்ளே இல்லை. டெபியன் மெஷின்களிலும் இதே தேவை இருக்கிறது.
– வாசகர், பீளமேடு

பதில்: இதுவரை பார்த்ததற்கு எதிர்த் திசையிலிருந்து வருகிறீர்கள், மற்றவர்கள் திருத்தம் அழியக்கூடாது என்கிறார்கள், நீங்கள் திருத்தத்தையும் மூட்டைக்குள் கட்டச் சொல்கிறீர்கள்.

குவிக்பிகேஜி எட்சி ஃபைல்களை விட்டது வேண்டுமென்றேதான். ஜென்டூவில் கான்ஃபிக்_ப்ரொடெக்ட் என்ற மாறியின் கீழ் வருகிற ஃபைல்களை அது பொதுவாகச் சேர்ப்பதில்லை. பாஸ்வேர்டு இருக்கிற கான்ஃபிக் தெரியாமல் வெளியே போய்விடக்கூடாது என்கிற பாதுகாப்பு. எத்தனை ஃபைல் விடுபட்டது என்று அது சொல்லவும் செய்யும், திரையில் ஓடிப்போகிற வேகத்தில் கவனித்திருக்க மாட்டீர்கள். 'இன்க்ளூட்-கான்ஃபிக்' என்ற ஆப்ஷனுக்கு 'ஒய்' கொடுத்தால் எல்லாம் உள்ளே வரும். 'இன்க்ளூட்-அன்மாடிஃபைடு-கான்ஃபிக்' என்று இன்னொன்று உண்டு, அது நீங்கள் தொடாத ஃபைல்களை மட்டும் சேர்க்கும், பேக்கேஜை மற்றவர்களுக்குக் கொடுக்கப் போகிறீர்கள் என்றால் அதுதான் ஏற்றது. போடுகிற மெஷினில் ஏற்கெனவே அந்த ஃபைல் இருந்தால் ஜென்டூவின் பேக்கேஜ் கருவியான போர்ட்டேஜ் அதை மிதிக்காது, '._சிஎஃப்ஜி0000_' என்ற முன்னொட்டோடு பக்கத்தில் வைக்கும். டிஸ்பாட்ச்-கான்ஃப் ஓட்டினால்தான் உங்கள் திருத்தம் நடைமுறைக்கு வரும், அதைச் செய்யாமல் 'பேக்கேஜ் போட்டும் செட்டிங் வரவில்லை' என்று தேடாதீர்கள்.

டெபியனில் இதற்குக் கருவி டிபிகேஜி-ரீபேக். நிறுவியிருக்கிற பேக்கேஜை டிஸ்கில் இருக்கிறபடியே எடுத்து மறுபடி டெப் ஆக்கும், எட்சியில் செய்த திருத்தமும் உள்ளே போகும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் லேப் முழுக்கப் போடுவதற்கு முன்னால் மேலே திருப்பூர் வாசகருக்குச் சொன்ன மூன்று கையொப்பக் கணக்கை இங்கே போட்டுப் பாருங்கள். மற்ற மெஷின்களைப் பொறுத்தவரை, பேக்கேஜோடு வந்த ஃபைலே உங்கள் திருத்திய ஃபைல்தான். பதிவான கையொப்பமும் அதற்குத்தான், டிஸ்கில் இருப்பதும் அதுவேதான், ஆகவே 'இந்த மெஷினில் யாரும் எதையும் திருத்தவில்லை' என்பதுதான் டிபிகேஜியின் முடிவு. அடுத்த மாதம் டெபியனிலிருந்து மாறிய டீஃபால்ட்டோடு புதிய வெர்ஷன் வந்தால், கேட்காமல் உங்கள் ஃபைலை எடுத்துவிட்டு அதை வைத்துவிடும். நீங்கள் கையால் திருத்திய முதல் மெஷினில் மட்டும் கேள்வி வரும், மற்ற எல்லாவற்றிலும் திருத்தம் சத்தமில்லாமல் போயிருக்கும். ரீபேக் என்பது ஒரு மெஷினை அப்படியே எடுத்து வைக்கிற அவசரத்துக்கு நல்லது, ஒரு லேபையே நடத்துவதற்கு அல்ல.

லேபுக்கு என் யோசனை இது. டெபியன் பேக்கேஜை அப்படியே விட்டுவிடுங்கள். உங்கள் திருத்தங்களை மட்டும் சுமந்து போகிற சின்ன பேக்கேஜ் ஒன்றை நீங்களே கட்டுங்கள். இப்போது நிறைய சாஃப்ட்வேர் '.டி' என்று முடிகிற டைரக்டரியில் போடுகிற துண்டு ஃபைல்களைப் படித்துக்கொள்கின்றன: சுடோயர்ஸ்.டி, சிஸ்சிடிஎல்.டி, சர்வீஸ்களை எழுப்பி நடத்துகிற சிஸ்டம்டியின் சர்வீஸ்.டி என்று பல. அங்கே உங்கள் ஃபைலை வைத்தால் பெயர் வேறு, பேக்கேஜ் வேறு, மோதலுக்கே இடமில்லை. டெபியன் தன் ஃபைலை எத்தனை தடவை மாற்றினாலும் உங்களுடையது நிற்கும்.

எந்த வழியில் போனாலும் பேக்கேஜுக்குள் பாஸ்வேர்டு போகவே கூடாது. டெப் என்பது வெறும் ஏஆர் ஆர்க்கைவ், கையில் கிடைத்த எவரும் பிரித்துப் படிக்கலாம். டேட்டாபேஸ் பாஸ்வேர்டு இருக்கிற ஃபைலைத் தனியாக, 0600 பெர்மிஷனோடு, அந்தந்த மெஷினிலேயே எழுதுங்கள். மாணவர்கள் நடமாடுகிற லேபில் இதில் சமரசமே வேண்டாம்.

கேள்வி: ஒரு சர்வீஸின் கான்ஃபிக்கைக் குழப்பிவிட்டேன், எட்சியில் அந்த ஃபைலை அழித்துவிட்டு ரீஇன்ஸ்டால் செய்தேன். ஃபைல் திரும்ப வரவே இல்லை.
– வாசகர், கரூர்

பதில்: நீங்கள் அழித்ததையும் ஒரு திருத்தமாக எடுத்துக்கொண்டு டிபிகேஜி அதை மதிக்கிறது. 'ஃபோர்ஸ்-கான்ஃப்மிஸ்' சேர்த்து ரீஇன்ஸ்டால் செய்யுங்கள், வந்துவிடும். ரிமூவ் போட்டாலும் கான்ஃப்ஃபைல்கள் போகாது, பர்ஜ் போட்டால்தான் போகும். ஆனால் பர்ஜ் அந்த பேக்கேஜின் எல்லா கான்ஃபிக்கையும் துடைத்துவிடும், சில பேக்கேஜ்கள் டேட்டாவையும் சேர்த்து, ஆகவே அதை முதல் மருந்தாக எடுக்காதீர்கள்.

கேள்வி: அண்ணா, ஈரோடு மஞ்சள் மண்டிகளுக்கு ஏலக் கணக்கு சாஃப்ட்வேர் செய்கிறோம். கான்ஃப்ஃபைல் குறியெல்லாம் போட்டிருக்கிறோம். பிரச்சினை வேறு: புதிய வெர்ஷனுக்கு கான்ஃபிக்கில் புதிதாக ஒரு வரி வேண்டும். மண்டிக்காரர் 'என்' தட்டிப் பழைய ஃபைலையே வைத்துக்கொள்கிறார், அந்த வரி இல்லாமல் புரோகிராம் எழுந்திருக்க மாட்டேன் என்கிறது. இதற்கு என்ன வழி?
– வாசகி, ஈரோடு

பதில்: நீங்கள் கேட்டதுதான் இந்த மாதத்தின் சிறந்த கேள்வி. பேக்கேஜ் கட்டும் இடத்தில் இதைச் சரிசெய்ய முடியாது, புரோகிராம் எழுதும் இடத்தில்தான் செய்ய வேண்டும். மண்டிக்காரர் 'என்' தட்டியதில் ஒரு தப்பும் இல்லை, தன் எண்களைக் காப்பாற்றிக்கொண்டார். ஒரு வரி இல்லை என்பதற்காக நிற்கிற புரோகிராம்தான் திருந்த வேண்டும்.

இப்போது உங்கள் எட்சி ஃபைலில் இரண்டு வகை விஷயம் கலந்து கிடக்கிறது என்று ஊகிக்கிறேன். மண்டியின் பெயர், கமிஷன் சதவீதம், மூட்டைக்கு எத்தனை கிலோ கழிவு, பிரின்டர் பெயர் இவையெல்லாம் மண்டிக்காரர் முடிவு செய்பவை. டைம்அவுட், கேஷ் அளவு, லாக் ஃபைலின் இடம் இவை நீங்கள் முடிவு செய்பவை. இரண்டாம் வகையை முழு டீஃபால்ட் ஃபைலாக யூஎஸ்ஆர்/ஷேர் அல்லது யூஎஸ்ஆர்/லிப் பக்கம் உங்கள் பேக்கேஜ் டைரக்டரிக்குள் வையுங்கள். அது உங்கள் ஃபைல், ஒவ்வொரு வெர்ஷனிலும் தாராளமாக மாற்றுங்கள், குறி வேண்டியதில்லை, யாரும் அங்கே திருத்தக்கூடாது என்று முதல் வரியிலேயே எழுதி வையுங்கள். புரோகிராம் முதலில் அதைப் படிக்கட்டும், பிறகு எட்சியில் இருப்பதைப் படித்து எந்தெந்த வரி அங்கே இருக்கிறதோ அதை மட்டும் மேலே எழுதிக்கொள்ளட்டும். எட்சி ஃபைல் ஐந்தாறு வரியாகச் சுருங்கிவிடும். புதிய வரி வேண்டுமென்றால் யூஎஸ்ஆர் ஃபைலில் சேர்த்தால் போதும். எட்சி ஃபைலை நீங்கள் மாற்றவே தேவையில்லாததால் 'ஒய்' 'என்' கேள்வியும் வராது.

இது என் கண்டுபிடிப்பு அல்ல, சிஸ்டம்டி இப்படித்தான் நடக்கிறது. பேக்கேஜ் கொடுக்கிற யூனிட் ஃபைல்கள் யூஎஸ்ஆர்/லிப் பக்கம் இருக்கும், 'சிஸ்டம்சிடிஎல் எடிட்' போட்டு நீங்கள் மாற்றுகிற இரண்டு வரி, எட்சிக்குள் 'ஓவர்ரைடு.கான்ஃப்' என்ற தனி ஃபைலில் போய் உட்காரும். பேக்கேஜ் எத்தனை தடவை மாறினாலும் அந்த இரண்டு வரி அப்படியே நிற்கிறது.

பழைய எட்சி ஃபைலை இந்தப் புதிய அமைப்புக்கு எப்படிக் கொண்டுவருவது என்பதுதான் மிச்சம். பழைய பெயரையே வைத்துக்கொண்டால், ஃபைலைச் சுருக்கி அனுப்புகிற அந்த ஒரு தடவை கேள்வி வரும்போது 'என்' தட்டச் சொன்னால் போதும், மண்டிக்காரரின் நீளமான ஃபைல் அப்படியே படிக்கப்படும், கூடுதல் வரிகளால் கெடுதல் இல்லை. ஒரு விஷயம் மட்டும்: அந்த நீளமான ஃபைலில் உங்கள் பழைய டைம்அவுட்டும் இருக்கும், அது புதிய டீஃபால்ட்டை மறைக்கும், முக்கியமானது எதுவும் அப்படி மாட்டியிருக்கிறதா என்று பாருங்கள். பெயரை மாற்றியே ஆக வேண்டுமென்றால் ஸ்கிரிப்டில் நீங்களாக எம்வி கட்டளை போட்டு நகர்த்தாதீர்கள். டிபிகேஜி-மெயின்ட்ஸ்கிரிப்ட்-ஹெல்பர் என்று ஒன்று இருக்கிறது, அதில் 'எம்வி_கான்ஃப்ஃபைல்' கட்டளையை ப்ரீஇன்ஸ்ட், போஸ்ட்இன்ஸ்ட், போஸ்ட்ஆர்எம் என்ற ஸ்கிரிப்டுகள் மூன்றிலும் ஒரே மாதிரி எழுத வேண்டும். திருத்தியிருந்தால் அந்தத் திருத்தத்தோடு புதிய பெயருக்கு நகரும். ஒரு ஃபைல் இனி வேண்டவே வேண்டாம் என்றால் 'ஆர்எம்_கான்ஃப்ஃபைல்', யாரும் தொடாத ஃபைலை அழிக்கும், திருத்தியிருந்தால் அழிக்காமல் '.டிபிகேஜி-பேக்' என்று எடுத்து வைக்கும்.

மண்டிகளுக்கு அனுப்புவதற்கு முன் ஒரு வெற்று கன்டெய்னரில் பழைய வெர்ஷனைப் போட்டு, கமிஷன் சதவீதத்தை மாற்றி, புதிய வெர்ஷனின் டீஃபால்ட்டிலும் ஒரு வரியை வேண்டுமென்றே மாற்றிக் கட்டி அப்கிரேடு செய்து பாருங்கள். ஃபைலைத் தொடாமல் ஒரு தடவை, அழித்துவிட்டு ஒரு தடவை, ரிமூவ் போட்டு மறுபடி நிறுவி ஒரு தடவை. ஒவ்வொரு தடவையும் எட்சிக்குள் போய் ஃபைலைத் திறந்து கண்ணால் பாருங்கள், புரோகிராம் எழுகிறதா என்பது மட்டும் போதாது, கமிஷன் எண் மண்டிக்காரர் வைத்ததுதானா என்று பாருங்கள்.